கருத்தடை ஊசியும் எச்.ஐ.வி.யும்: ஒரு நீண்ட தேடலின் கதை

"அதான் ஆணுறை இருக்கே, அப்புறம் என்ன?" எச்.ஐ.வி. தடுப்பு பற்றிப் பேச்சு வந்தால் பலரும் கேட்கிற கேள்வி இது. ஆனால் ஆணுறையை அணிய வேண்டியவன் ஆண். அவன் மாட்டேன் என்றால் பெண் என்ன செய்வாள்? மனைவி வற்புறுத்தினால், "என்னையே சந்தேகப்படுறியா?" என்று சண்டை வரும். பாலியல் தொழிலாளி வற்புறுத்தினால் வாடிக்கையாளர் வேறிடம் போய்விடுவார், அன்றைய வருமானமும் போய்விடும்.

தென்னாப்பிரிக்காவில் பிறந்து, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜீனா ஸ்டெய்ன் 1990-இல் இதைத்தான் ஒரு கட்டுரையாக எழுதினார். ஆணின் சம்மதத்தை எதிர்பார்க்காமல், பெண் தானே பயன்படுத்தக்கூடிய தடுப்புமுறை ஒன்று வேண்டும் என்பது அவர் வாதம். அந்தக் கட்டுரைக்குப் பிறகு நடந்த முப்பது வருட ஆராய்ச்சியில் தோல்விகள்தான் அதிகம். ஆனால் அந்தத் தோல்விகளைத் தெரிந்துகொள்ளாமல் இன்றைய வெற்றியைப் புரிந்துகொள்ள முடியாது.

கையில் இருந்த மருந்து

முதலில் எல்லோர் கண்ணிலும் பட்டது நோனாக்சினால்-9. இது விந்தணுக்களைக் கொல்லும் ஒரு ரசாயனம். கருத்தடைக்காகப் பல ஆண்டுகளாகக் கடைகளில் விற்று வந்தது. 1985-இல் ஆய்வுக்கூடத்தில் இது எச்.ஐ.வி. கிருமியையும் அழிக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஒரே ஜெல்லில் கருத்தடையும் நோய்த்தடுப்பும்! இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் ஆய்வுக்கூடத்துக் குப்பி வேறு, மனித உடம்பு வேறு. நைரோபி நகரின் பாலியல் தொழிலாளிகளிடம் நடந்த ஒரு ஆய்வு 1992-இல் வெளியானது. நோனாக்சினால் பயன்படுத்திய பெண்களுக்குப் பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை, புண்கள்தான் அதிகமாயின. மருந்தின் அளவு அதிகமாக இருந்ததுதான் காரணமோ என்று, அளவு குறைந்த ஜெல்லுடன் பெனின், கோட் டிவார், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் ஒரு பெரிய சோதனை நடந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த டாக்டர் லூட் வான் டாம் அதற்குத் தலைமை தாங்கினார். தென்னாப்பிரிக்கப் பகுதியைக் கவனித்துக்கொண்டவர் கீதா ராம்ஜி. உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளி விஞ்ஞானி. டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே லாரிகள் நிற்கும் இடங்களில் தொழில் செய்த பெண்களைத் தேடிப் போய் அவர் பணியாற்றினார்.

முடிவு 2000-இல் டர்பன் எய்ட்ஸ் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. பின்னர் 'லான்செட்' இதழில் வந்த கணக்கு இது: நோனாக்சினால் பெற்ற 376 பெண்களில் 59 பேருக்குத் தொற்று. அந்த ரசாயனம் இல்லாத ஜெல் பெற்ற 389 பெண்களில் 45 பேருக்குத் தொற்று. அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். காரணம் எளிமையானது. நோனாக்சினால் சோப்பு போல வேலை செய்கிறது. கிருமியின் உறையைக் கரைக்கும் அதே வேகத்தில் பெண்ணுறுப்பின் உட்தோலையும் அரிக்கிறது. கிருமி நுழைய வாசல் திறந்துவிடுகிறது.

பல ஆண்டுகளாகக் "பாதுகாப்பானது" என்று விற்ற கருத்தடை மருந்து இது. கருத்தரிக்காமல் காப்பாற்றுகிறதா என்று மட்டும் கேட்டவர்கள், அடிக்கடி பயன்படுத்தும் பெண்ணின் உடம்பை அது வேறு என்ன செய்கிறது என்று கேட்கவில்லை.

சென்னைக்கும் வந்த சோதனை

அடுத்து வந்தது செல்லுலோஸ் சல்பேட். இதுவும் கருத்தடை, நோய்த்தடுப்பு இரண்டுக்கும் உதவும் என்ற நம்பிக்கையோடு வந்த ஜெல்தான். ஆனால் இது சோப்பு போல அரிக்காது. கிருமி உடலின் அணுக்களில் ஒட்டாமல் தடுக்கும் என்று எதிர்பார்த்தார்கள்.

இந்தச் சோதனை தென்னாப்பிரிக்கா, பெனின், உகாண்டா ஆகிய நாடுகளோடு இந்தியாவில் சென்னையிலும் கர்நாடகத்தின் பாகல்கோட்டிலும் நடந்தது. தலைமை மீண்டும் லூட் வான் டாம். சென்னையில் பொறுப்பேற்றவர் டாக்டர் சுனிதி சாலமன். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தன் மாணவி நிர்மலாவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தவர் இவர்தான்.

மொத்தம் 1,398 பெண்கள் சேர்ந்தார்கள். 2007 ஜனவரியில் சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. மருந்து ஜெல் பெற்ற பெண்களிடம் தொற்று அதிகமாகத் தெரிந்ததால் கண்காணிப்புக் குழு அப்படிப் பரிந்துரைத்தது. இறுதிக் கணக்கில் மருந்துக் குழுவில் 25 பேர், போலி ஜெல் குழுவில் 16 பேர். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று புள்ளியியல் சொன்னது. ஆனால் மருந்து காப்பாற்றவில்லை என்பதில் சந்தேகமே இல்லை.

மருந்து வேலை செய்தது, ஆனால்...

2010 ஜூலையில் வியன்னா மாநாட்டில் முதல் நல்ல செய்தி வந்தது. டர்பன் நகரிலும் அதற்கு அருகிலுள்ள கிராமப்பகுதியிலும் 889 பெண்களிடம் குரைஷா அப்துல் கரீமும் சலீம் அப்துல் கரீமும் நடத்திய 'கேப்ரிசா 004' ஆய்வில், டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து கலந்த ஜெல் தொற்றை 39 சதவீதம் குறைத்தது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

கைதட்டல் நீடிக்கவில்லை. உகாண்டா, ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்கா மூன்றிலும் 5,029 பெண்களிடம் நடந்த 'வாய்ஸ்' ஆய்வின் முடிவு 2013-இல் வந்தது. மாத்திரையும் பலன் தரவில்லை, ஜெல்லும் பலன் தரவில்லை. ஏன்? ஒழுங்காகப் பயன்படுத்துவதாகத்தான் பெரும்பாலான பெண்கள் சொல்லியிருந்தார்கள். ரத்தத்தைச் சோதித்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாதிரிகளில்தான் மருந்து இருந்தது.

"பெண்கள் பொய் சொன்னார்கள்" என்று இதை முடித்துவிடுவது சுலபம். பின்னர் அந்தப் பெண்களிடமே உட்கார்ந்து பேசியபோது வேறு விஷயங்கள் வெளியே வந்தன. அது நோயாளிகள் சாப்பிடும் அதே மாத்திரை. வீட்டில் யாராவது டப்பாவைப் பார்த்தால் "உனக்கு எய்ட்ஸா?" என்பார்கள். பக்கவிளைவு பயம், துணைவனின் பயம் எல்லாம் இருந்தது. தினமும் மறைத்து மறைத்து ஒரு பொருளைப் பயன்படுத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதை ஆராய்ச்சியாளர்கள் அப்போதுதான் சரியாக உணர்ந்தார்கள்.

ஊசி மீது விழுந்த சந்தேகம்

மறைக்கத் தேவையில்லாத ஒரு பொருள் அந்தப் பெண்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதுதான் டெப்போ-ப்ரோவேரா என்ற கருத்தடை ஊசி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும், யாருக்கும் தெரியாது. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் பெண்கள் அதிகம் நம்பிய கருத்தடை முறைகளில் இது ஒன்று.

அந்த ஊசிக்குக் கசப்பான ஒரு பின்கதையும் உண்டு. அமெரிக்கா 1992 வரை கருத்தடைக்காக அதை அனுமதிக்கவில்லை. அதற்கு முன்பே தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு கறுப்பினப் பெண்களுக்கு அதைப் பெருமளவில் போட்டு வந்தது. அதனால் ஊசியைப் பற்றி ஒரு சந்தேகம் கிளம்பினால் அது வெறும் மருத்துவச் சந்தேகமாக நின்றுவிடாது.

சந்தேகம் கிளம்பியது. 1996-இல் குரங்குகளிடம் நடந்த ஆய்வில், இதே வகை ஹார்மோன் செலுத்தினால் குரங்குகளைத் தாக்கும் எச்.ஐ.வி. போன்ற கிருமி பல மடங்கு எளிதாகத் தொற்றுவது தெரிந்தது. 2011-இல் ஏழு ஆப்பிரிக்க நாடுகளின் 3,790 தம்பதிகளை ஆராய்ந்தவர்கள், ஹார்மோன் கருத்தடை, முக்கியமாக ஊசி, பயன்படுத்திய பெண்களுக்கு எச்.ஐ.வி. ஆபத்து இரண்டு மடங்கு என்றார்கள். வேறு சில ஆய்வுகள் அப்படியெல்லாம் இல்லை என்றன.

இரண்டு பக்கமும் ஆபத்து. ஊசி உண்மையிலேயே தொற்றுக்கு வழி செய்தால், லட்சக்கணக்கான பெண்களுக்கு அரசுகளே தீங்கு செய்கின்றன என்று அர்த்தம். தவறான பயத்தில் ஊசியை நிறுத்தினால், வேண்டாத கர்ப்பங்களும் பிரசவ மரணங்களும் கூடும். ஊசி போட்ட பெண்கள் ஆணுறையைக் குறைவாகப் பயன்படுத்தியதால்தான் இந்த வித்தியாசமோ என்பதையும் பழைய ஆய்வுகளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எக்கோ

வழி ஒன்றுதான் இருந்தது: குலுக்கல் முறை. ஒரு பெண்ணின் கருத்தடையைக் குலுக்கலிலா தீர்மானிப்பது என்று எதிர்ப்பு வந்தது. எத்தனை பெண்கள் இதற்குச் சம்மதிப்பார்கள் என்ற சந்தேகமும் இருந்தது. ஆனாலும் 2015 டிசம்பரில் 'எக்கோ' ஆய்வு தொடங்கியது. தென்னாப்பிரிக்கா, கென்யா, ஜாம்பியா, எஸ்வாத்தினி நாடுகளில் 12 இடங்களில் 7,829 பெண்கள் தெரிந்தே சம்மதித்துச் சேர்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு டெப்போ ஊசி, ஒரு பிரிவுக்குக் காப்பர்-டி, ஒரு பிரிவுக்குக் கைத்தோலுக்கு அடியில் வைக்கும் ஹார்மோன் குச்சி.

2019 ஜூனில் முடிவு வெளியானது. தொற்று ஏற்பட்டவர்கள்: ஊசிப் பிரிவில் 143 பேர், காப்பர்-டி பிரிவில் 138 பேர், குச்சிப் பிரிவில் 116 பேர். ஆபத்து 50 சதவீதம் கூடினால் கண்டுபிடிக்கும் விதத்தில் ஆய்வு வடிவமைக்கப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. சிறிய வித்தியாசம் இருக்க வாய்ப்பே இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. அதே ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம், எச்.ஐ.வி. ஆபத்து அதிகமுள்ள பெண்களும் இந்த ஊசியைத் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது.

ஊசி தப்பித்தது என்று செய்தி போட்டார்கள். ஆனால் அந்த மூன்று எண்களையும் கூட்டிப் பாருங்கள், 397 வருகிறது. அதாவது 100 பெண்களுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய நான்கு பேர். இவர்கள் அதிக ஆபத்தில் இருப்பவர்கள் என்று தேடிப்பிடித்துச் சேர்க்கப்பட்டவர்கள் அல்ல. கருத்தடை கேட்டு வந்த சாதாரணப் பெண்கள். ஆணுறையும் ஆலோசனையும் கொடுத்த பிறகும் இந்த நிலை. கருத்தடை நிலையம் கர்ப்பத்தைத் தடுத்தது. எச்.ஐ.வி. தடுப்பு வேறொரு துறையின் வேலையாகவே இருந்து வந்தது. பெண் மட்டும் ஒருத்திதான்!

பூஜ்யம்

ஆராய்ச்சியிலும் இதே பிரிவினை இருந்தது. பெரும்பாலான எச்.ஐ.வி. தடுப்புச் சோதனைகளில் ஒரு பெண் கர்ப்பமானால் உடனே மருந்தை நிறுத்திவிடுவார்கள். குழந்தைக்கு ஆபத்து வரக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். விளைவு என்ன? கர்ப்பிணிகளுக்கு எந்த மருந்து பாதுகாப்பானது என்று யாருக்கும் தெரியாமலேயே போனது.

2021-இல் தொடங்கிய 'பர்ப்பஸ்-1' ஆய்வு இதை மாற்றியது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயது வரையுள்ள 5,338 பெண்கள் இதில் சேர்ந்தார்கள். கருத்தடை கட்டாயமில்லை, கர்ப்பமானவர்களும் விரும்பினால் தொடரலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசி பெற்ற 2,134 பெண்களில் எச்.ஐ.வி. தொற்றியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர்கூட இல்லை. தினசரி மாத்திரை பெற்ற மற்ற இரு பிரிவுகளில் 55 பேருக்குத் தொற்று வந்தது. முடிவு 2024 ஜூனில் வெளியானது. 2025 ஜூனில் அமெரிக்கா இந்த ஊசியை அனுமதித்தது, அடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

கீதா ராம்ஜி இதைப் பார்க்கவில்லை. 2020 மார்ச் 31 அன்று கொரோனாவால் அவர் இறந்துபோனார். லாரி நிறுத்தங்களில் அவர் தொடங்கிய வேலைக்குப் பதில் கிடைக்க அதன்பின் நான்கு ஆண்டுகள் ஆயின.

இனி மிச்சமிருப்பது விலையும் விநியோகமும். அமெரிக்காவில் இந்த ஊசிக்கு ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல் விலை வைத்தார்கள். ஏழை நாடுகளுக்கு 2027 முதல் ஆண்டுக்குச் சுமார் 40 டாலரில் தருவதாக இந்திய மருந்து நிறுவனங்களோடு செய்த ஒப்பந்தம் 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. மருந்து அந்த விலையில் வந்து சேர்ந்தாலும், எங்கே வைத்துக் கொடுப்பது என்ற கேள்வி இருக்கிறது. எய்ட்ஸ் பிரிவில் மட்டும் வைத்தால், அந்த வாசலில் நிற்கப் பயந்து பெண்கள் வரமாட்டார்கள் என்பதை 'வாய்ஸ்' ஏற்கெனவே சொல்லிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கருத்தடை ஊசிக்கு வரும் பெண்ணுக்கு, அதே நாற்காலியில், அதே நர்ஸ் இந்த ஊசியையும் போட முடிந்தால் அந்த 397 பேரைப் போன்றவர்களுக்கு உண்மையாகவே பலன் கிடைக்கும்.