பிளாஸ்டிக்கில் கரண்ட் பாயுமா? ஒரு பழைய பாடத்துக்குத் திருத்தம்



டார்ச் பேட்டரி, சின்ன பல்பு, இரண்டு ஒயர் வைத்து நான் செய்துகாட்டிய சோதனை உங்களுக்கு நினைவிருக்கும். ஆணி வைத்தால் பல்பு எரியும், பிளாஸ்டிக் ஸ்கேல் வைத்தால் எரியாது. "பிளாஸ்டிக் ஒருபோதும் மின்சாரத்தைக் கடத்தாது" என்று போர்டில் எழுதிப்போட்டு, அடிக்கோடும் போடச் சொன்னேன். போன வாரம் வீட்டுக்கு வந்த பழைய மாணவி ஒருத்தி, தன் மகள் மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கில் ஆராய்ச்சி செய்வதாகச் சொன்னாள். அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். நான் வேலைக்குச் சேரும் முன்பே அந்த வரி பொய்யாகிப் போயிருக்கிறது!

கதை 1967-இல் டோக்கியோவில் தொடங்குகிறது. ஹிடேகி ஷிரகாவாவின் ஆய்வகத்தில் ஒருவர் தவறுதலாக ஆயிரம் மடங்கு வினையூக்கியைக் கொட்டிவிட்டார். கறுப்புத் தூள் வரவேண்டிய இடத்தில் வெள்ளி போல் மினுக்கும் ஏடு வந்தது. அதுதான் பாலிஅசிட்டிலீன். சில ஆண்டுகள் கழித்து டோக்கியோ வந்த ஆலன் மெக்டயர்மிட் அதைப் பார்த்துவிட்டு, ஷிரகாவாவை அமெரிக்காவுக்கு அழைத்தார். அங்கே ஆலன் ஹீகரும் சேர்ந்துகொண்டார். அயோடின் ஆவி பட்டதும் அந்த ஏட்டின் கடத்துதிறன் கோடி மடங்கு எகிறியது. 1977-இல் அதை வெளியிட்டார்கள். 2000-இல் மூவருக்கும் நோபல் பரிசு. அந்த வருஷமும் நான் போர்டில் பழைய வரியைத்தான் எழுதினேன்.

அயோடின் என்ன செய்கிறது? பிளாஸ்டிக் சங்கிலியிலிருந்து சில எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொள்கிறது. நெரிசலான பஸ்ஸில் ஒருவர் இறங்கினால் மற்றவர்கள் நகர இடம் கிடைக்கிறதல்லவா, அதுபோல.

நம் ஊர்ப் பங்கும் உண்டு. காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திலும் பாலிஅனிலின் என்ற கடத்தும் பிளாஸ்டிக்கில் ஆய்வு நடந்திருக்கிறது. செட்டிநாட்டுப் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் வீடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். நானும் அப்படித்தான் திரும்பினேன்.

அந்தப் பெண் தேடுவது இன்னும் ஒரு படி மேல். சூட்டிலிருந்து நேராக மின்சாரம் எடுப்பது. 1821-இல் ஜெர்மனியின் சீபெக், இரண்டு உலோகங்களை இணைத்து ஒரு முனையைச் சூடாக்கினார். பக்கத்திலிருந்த காந்த ஊசி அசைந்தது. அதைக் காந்தம் என்றே நினைத்தார் பாவம், மின்சாரம் என்று விளக்கியவர் ஓர்ஸ்டெட். 1977-இல் கிளம்பிய வாயேஜர் கலங்களுக்கும் புளூட்டோனியத்தின் சூடு இந்த வழியில்தான் மின்சாரமாகிறது.

இதற்கு மின்சாரத்தை நன்றாகவும் வெப்பத்தை மோசமாகவும் கடத்தும் பொருள் வேண்டும். செம்பு இரண்டையும் கடத்திவிடும். பிளாஸ்டிக்கோ வெப்பத்தைத் தடுப்பதில் கெட்டி. குக்கர் கைப்பிடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எலக்ட்ரான்களை அதிகம் பிடுங்கினால் கடத்துதிறன் ஏறும், சூட்டால் கிடைக்கும் மின்னழுத்தம் இறங்கும். குறைவாகப் பிடுங்கினால் தலைகீழ். 2011-இல் ஸ்வீடனின் லிங்கோப்பிங்கில் பெடாட் என்ற பிளாஸ்டிக்கில் இந்த அளவைப் பதம் பார்த்து நிறுத்தி, 0.25 என்ற தர எண்ணை எட்டினார்கள். வழக்கமான பிஸ்மத் டெல்லூரைடுக்கு அது சுமார் 1. கால்வாசிதான். ஆனால் பிளாஸ்டிக்கை மை போல அச்சடிக்கலாம், துணி போல வளைக்கலாம். உடம்புச் சூட்டிலேயே சின்னக் கருவிகளை ஓட்டும் ஆசை அதனால்தான்.

பழைய அறிவியல் நோட்டு யாரிடமாவது இருந்தால், அடிக்கோடிட்ட அந்த வரியில் "ஒருபோதும்" என்ற சொல்லை அடித்துவிட்டு, "சாதாரண" என்று பிளாஸ்டிக்குக்கு முன்னால் எழுதிக்கொள்ளுங்கள். போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், டிக் போட்டுக் கையெழுத்திடுகிறேன்.