கொடியும் உயிரும்: 1873-ஆம் ஆண்டின் விர்ஜீனியஸ் விவகாரம்

நடுக்கடலில் செல்லும் கப்பலுக்கு அதன் கொடியே முகவரி. எந்த நாட்டுக் கொடியைத் தாங்கிச் செல்கின்றதோ, அந்த நாட்டின் சட்டமே அதன் மேல்தளத்தில் ஆட்சி செய்யும். அமைதிக் காலத்தில் அதனைப் பிடிக்கப் பிறநாட்டுப் போர்க்கப்பலுக்கு உரிமையில்லை என்பது கடற்சட்டத்தின் பொதுவிதி. இவ்விதி 1873-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கியூபாத் தீவின் சாந்தியாகோ நகரில் கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. பிடிபட்ட கப்பல் ஒன்றிலிருந்த 53 பேர் ஐந்து நாள்களுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளும் ஸ்பெயினும் போரின் வாயிலில் வந்து நின்றன. அந்த நெருக்கடி போரின்றித் தீர்ந்தது உண்மை. ஆயினும் அது எதைத் தீர்த்தது, எதைத் தீர்க்காமல் விட்டது என்பதே இன்றும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

கப்பலின் பிறப்பும் பிழைப்பும்

ஸ்பெயினின் ஆட்சிக்கு எதிராகக் கியூபாவில் 1868-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கிளர்ச்சி வெடித்தது. கார்லோஸ் மனுவேல் டி செஸ்பெடெஸ் தொடங்கிய அப்போர் 1878 வரை நீடித்தமையால் 'பத்தாண்டுப் போர்' எனப் பெயர் பெற்றது. கரும்பும் அடிமை உழைப்பும் செல்வம் ஈட்டித் தந்த அத்தீவை இழக்க ஸ்பெயின் ஒருப்படவில்லை. கிளர்ச்சியாளருக்கு வேண்டிய படைக்கலங்கள் கடல் கடந்தே வரவேண்டியிருந்தன. அப்பணியைச் செய்த கப்பல்களுள் புகழ்பெற்றது விர்ஜீனியஸ்.

ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றங்கரையில் 1864-இல் கட்டப்பட்ட சக்கர நீராவிக் கப்பல் அது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபுலத்தாரின் கடல் முற்றுகையை ஊடுருவிச் செல்லத் தென்புலத்தாருக்காக உருவானது. போருக்குப்பின் விற்பனைக்கு வந்த அதனை 1870-இல் பேட்டர்சன் என்னும் அமெரிக்கர் வாங்கினார். தாமே உரிமையாளர் என நியூயார்க்கில் உறுதிமொழி தந்து, அமெரிக்கக் கப்பலாகப் பதிவு செய்தார். பணமோ கியூபக் கிளர்ச்சியாளருடையது. இந்த மறைவே பின்னர் வழக்கின் திருப்புமுனையாயிற்று.

1873-இல் கப்பல் தலைவராகப் பொறுப்பேற்றவர் ஜோசப் ஃபிரை. அமெரிக்கக் கடற்படையில் பயின்று பணியாற்றியவர். உள்நாட்டுப் போரில் தென்புலத்தாரின் பக்கம் நின்றவர். கப்பலில் சென்ற வில்லியம் ரையனோ அதே போரில் வடபுலப் படையில் பொருதவர். பகைவராய் நின்றவர் இருவரும் ஒரே கப்பலில், ஒரே முடிவை நோக்கிச் சென்றனர்.

அக்டோபர் இறுதியில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறையை நீங்கிய கப்பல், ஹெய்ட்டியில் படைக்கலங்களை ஏற்றிக்கொண்டு கியூபாவை நெருங்கியது. ஸ்பெயினின் போர்க்கப்பல் 'டொர்னாடோ' அதனைக் கண்டு துரத்தியது. தப்பும் பொருட்டு ஆயுதங்களைக் கடலில் எறிந்தும் பயனில்லை. அக்டோபர் 31-ஆம் நாள் ஜமைக்காவுக்கு அருகே, திறந்த கடலில் விர்ஜீனியஸ் பிடிபட்டது. துரத்திய கப்பலும் அதே கிளைடு கரையில், அதே தென்புலத்தாருக்காகக் கட்டப்பட்டதே என்பது வரலாற்றின் விந்தை.

சாந்தியாகோவின் ஐந்து நாள்கள்

சாந்தியாகோவின் ஆளுநர் படைத்தலைவர் ஹுவான் புரியேல். பிடிபட்டவர் அனைவரும் கடற்கொள்ளையர் என்பது அவர் வாதம். இராணுவ நீதிமன்றம் விரைந்து கூடியது. நவம்பர் 4-ஆம் நாள் காலையில் ரையன், பெர்னாபே வரோனா, ஹேசுஸ் டெல் சோல், கிளர்ச்சித் தலைவரின் உடன்பிறந்தாரான பெத்ரோ டி செஸ்பெடெஸ் ஆகிய நால்வர் கொல்லப்பட்டனர். 7-ஆம் நாள் ஃபிரையும் கப்பற் பணியாளர் 36 பேரும் இறைச்சிக்கூடத்துச் சுவரின் முன் நிறுத்திச் சுடப்பட்டனர். மறுநாள் மேலும் 12 பேர் மாண்டனர். கரி தள்ளியவரும் அடுப்பெரித்தவரும் கூலிக்கு வந்தவரும் அவர்களுள் இருந்தனர்.

அமெரிக்கத் துணைத்தூதர் ஷ்மிட், கைதிகளைக் காணவும் கிங்ஸ்டனுக்குத் தந்தி அனுப்பவும் இசைவு கேட்டார். இசைவு கிட்டவில்லை. மறுமொழி தாமதமானதேன் என்று வினவியபோது, அனைத்துப் புனிதர் திருநாளும் இறந்தோர் நினைவு நாளும் வந்தமையால் தாம் இறைச்சிந்தனையில் ஆழ்ந்திருந்ததாக ஆளுநர் எழுதினார். இறந்தோரை நினைந்திருந்தவரின் கையெழுத்து அடுத்த சில நாள்களில் செய்த செயலை வரலாறு மறக்கவில்லை.

மாட்ரிட்டில் அப்போது குடியரசு நடந்துகொண்டிருந்தது. அதன் தலைவர் எமிலியோ காஸ்டெலார், வரலாற்றுப் பேராசிரியர், நாவன்மை மிக்கவர். அரசின் ஒப்புதலின்றி எவரையும் கொல்லலாகாது என 6-ஆம் நாள் அவர் ஆணையிட்டார். ஆணை சாந்தியாகோவை அடையுமுன் துப்பாக்கிகள் முந்திக்கொண்டன. உள்நாட்டிலேயே இரு கலகங்களோடு போராடிய குடியரசின் சொல், கியூபாவில் ஏற்கெனவே வலுவிழந்திருந்தது.

கொலையை நிறுத்தியது தந்தியன்று, ஒரு கப்பல். ஜமைக்காவுக்குச் செய்தி எட்டியதும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'நயோபி' விரைந்து, 8-ஆம் நாள் சாந்தியாகோவை அடைந்தது. அதன் தலைவர் சர் லாம்ப்டன் லொரெய்ன், பிரிட்டிஷ் குடிமக்களுக்காக மட்டுமன்றி, அமெரிக்கப் போர்க்கப்பல் இல்லாத நிலையில் அமெரிக்கருக்காகவும் வாதாடினார். கொலை தொடர்ந்தால் நகரைத் தாக்கத் தயங்கமாட்டார் என்ற எச்சரிக்கையும் விடுத்ததாக வரலாற்று நூல்கள் கூறும். கப்பலின் பதிவு மெய்யா பொய்யா என்று அவர் வினவிக்கொண்டிருக்கவில்லை. எஞ்சியோர் உயிர் பிழைத்தனர்.

வாஷிங்டனும் மாட்ரிட்டும்

அமெரிக்க நகரங்களில் சினம் பொங்கியது. போர் வேண்டுமெனக் கூட்டங்கள் முழங்கின. ஆனால் குடியரசுத் தலைவர் கிராண்டும் அயலுறவுச் செயலர் ஹாமில்டன் ஃபிஷும் நிலைமையை உணர்ந்திருந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில்தான் நிதி நெருக்கடி நாட்டைத் தாக்கியிருந்தது. உள்நாட்டுப் போருக்குப்பின் கடற்படை நலிந்திருந்தது. ஸ்பெயினின் இரும்புக் கவசக் கப்பலான 'அரபிலெஸ்' பழுதுபார்ப்பதற்காக நியூயார்க் துறையிலேயே நின்றிருந்தது. அதனை எதிர்கொள்ளத் தக்க கப்பல் தம்மிடம் இல்லையென்பது கடற்படையினர் அறிந்த செய்தி.

நவம்பர் 14-ஆம் நாள் ஃபிஷ் இறுதி எச்சரிக்கை விடுத்தார். கப்பலையும் எஞ்சியோரையும் திருப்பித் தரவேண்டும், அமெரிக்கக் கொடிக்கு வணக்கம் செலுத்தவேண்டும், குற்றவாளிகளைத் தண்டிக்கவேண்டும், இவற்றுக்கு 12 நாள் தவணை என்பன கோரிக்கைகள். மாட்ரிட்டில் அமெரிக்கத் தூதர் சிக்கிள்ஸ் சூடான சொற்களால் நிலைமையைக் கெடுத்தார். ஆகவே ஃபிஷ், வாஷிங்டனிலிருந்த ஸ்பெயின் தூதர் போலோ டி பெர்னாபேயுடன் நேரில் பேசினார். 29-ஆம் நாள் உடன்பாடு கையெழுத்தாயிற்று. கப்பலுக்கு அமெரிக்கக் கொடியை ஏந்தும் உரிமை இல்லையென டிசம்பர் 25-க்குள் மெய்ப்பித்தால் கொடிவணக்கம் தேவையில்லை என்பது அதன் சிறப்பு விதி.

கொடி பொய்த்தபோது

டிசம்பர் 16-ஆம் நாள் கப்பல் அமெரிக்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு மறுநாளே அரசுத் தலைமை வழக்கறிஞர் வில்லியம்ஸ், உரிமையாளரின் உறுதிமொழி பொய்யானது, கொடி முறையின்றி ஏற்றப்பட்டது என்று தீர்ப்புரைத்தார். கொடிவணக்கம் கைவிடப்பட்டது. கப்பலோ நியூயார்க்கை அடையவில்லை. டிசம்பர் 26-ஆம் நாள் வட கரோலினாக் கரைக்கப்பால் கடலில் மூழ்கியது.

ஆனால் அதே வழக்கறிஞர் கூறிய மற்றொரு கருத்து எளிதில் மறக்கப்பட்டது. கொடி பொய்யாயினும் அதனைத் தண்டிக்கும் உரிமை அமெரிக்காவுக்கே உண்டு. திறந்த கடலில் அதைப் பிடிக்க வேற்று நாட்டுக்கு உரிமையில்லை என்றார் அவர். பிரிட்டிஷ் அரசு வேறொரு வழியில் சென்றது. தற்காப்புக்காகக் கப்பலைப் பிடித்ததைப் பொறுத்துக்கொள்ளலாம். பிடித்துக் கட்டிய பின்னர் முறையான விசாரணையின்றிக் கொன்றதற்கு எந்தத் தற்காப்பும் விடையாகாது என்பது அதன் நிலை. இவ்விரண்டாம் வாதமே கூர்மையானது. கப்பலின் உரிமை ஒரு கேள்வி. கைதியின் உயிர் மற்றொரு கேள்வி. முன்னதற்கு எவ்விடை கிடைத்தாலும் பின்னதன் விடை மாறாது.

இழப்பீட்டிலோ உயிர்கள் மீண்டும் கொடிவாரியாகப் பிரிக்கப்பட்டன. பிரிட்டன் 7,700 பவுன் பெற்றது. அதிலும் வெள்ளையர் குடும்பத்துக்கு 500 பவுனும் கறுப்பர் குடும்பத்துக்கு 300 பவுனுமாக விலை வேறுபட்டது. அமெரிக்கா 1875-இல் 80,000 டாலர் பெற்றது. மாண்ட கியூபருக்காகக் கணக்குக் கேட்க அரசு எதுவும் இருக்கவில்லை. காஸ்டெலாரின் ஆட்சி 1874 சனவரியிலேயே கவிழ்ந்தது. புரியேல் பதவி உயர்வு பெற்று, விசாரணை எதனையும் காணாமல் 1877-இல் காலமானார்.

இவ்விவகாரம் போரைத் தவிர்த்த அறிவார்ந்த அரசதந்திரத்துக்குச் சான்றாகக் காட்டப்பெறுவதுண்டு. அது பொருந்தும். 1898-இல் அதே கியூபாவுக்காக அதே இரு நாடுகளும் போரிட்டபோது, இந்த நிதானத்தின் அருமை விளங்கியது. ஆயினும் நெருக்கடி முழுவதிலும் அரசுகள் மிகுதியாகப் பேசியது கொடியின் மானத்தைப் பற்றியே. கொடி பொய்யென்று தெளிந்ததும் மானம் மீண்டது. சுவரின் முன் நின்ற 53 பேருக்குரிய நீதி மட்டும் மீளவில்லை.