திருநெல்வேலிப் பழங்காசுகள்: சேகரிப்பும் தரமதிப்பீடும்

தாமிரபரணி, சிற்றாறு ஆகியவற்றின் படுகையிலும், கொற்கை, காயல், தூத்துக்குடிக் கரையோரத்திலும் புழங்கி, இன்று மண்ணிலிருந்தும் ஆற்றுமணலிலிருந்தும் பழைய உலோகக் கடைகளிலிருந்தும் கிடைக்கும் செப்புக்காசுகளே திருநெல்வேலிப் பழங்காசுகள் எனப்படுகின்றன. இவை ஒரே அரசின் வெளியீடு அல்ல. சங்ககாலப் பாண்டியரின் சதுரக் காசுகள், பிற்காலப் பாண்டியரின் மீன் காசுகள், வேணாட்டு அரசர், விஜயநகரத்தார், மதுரை நாயக்கர், ஆர்க்காட்டு நவாப் ஆகியோரின் காசுகள், 1658இல் தூத்துக்குடியைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக் கம்பெனியின் காசுகள், கடைசியாக ஆங்கிலக் கம்பெனியின் இயந்திரக் காசுகள் என்று இரண்டாயிரம் ஆண்டுப் புழக்கம் ஒரே பள்ளத்தாக்கில் கலந்து கிடக்கிறது. காசுகள் இந்த மண்ணுக்குரியவை. அவற்றுக்குத் தரம் போடும் அளவுகோல் மட்டும் பிரிட்டிஷ், அமெரிக்கச் சேகரிப்பு மரபுகளிலிருந்து வந்தது. இயந்திரத்தில் அடித்த டோக்கன்களுக்கும் நாணயங்களுக்கும் பொருத்தமான அந்த அளவுகோலைக் கையால் அடித்த திருநெல்வேலிச் செம்பின் மேல் அப்படியே வைப்பது, பயன்படாத காசுக்குப் பரிசளித்துப் பயன்பட்ட காசைத் தண்டிப்பதாகவே முடிகிறது.

பிரிட்டிஷ் மரபு உருவான விதமே இதை விளக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் சில்லறைத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. அரசு செப்பு நாணயம் அடிப்பதை ஏறக்குறைய நிறுத்தியிருந்ததால், 1787இல் வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சீ தீவில் இருந்த பாரிஸ் சுரங்கக் கம்பெனி தன் தொழிலாளருக்குக் கூலி கொடுக்கத் தானே செப்பு டோக்கன் வெளியிட்டது. பல ஊர்களின் வணிகர்களும் அதைப் பின்பற்றினார்கள். சில ஆண்டுகளிலேயே சேகரிப்பாளர்கள் பெருகினார்கள். இப்ஸ்விச் நகரின் ஜேம்ஸ் காண்டர் 1798இல் அவற்றுக்கு ஒரு பட்டியல் நூல் வெளியிட்டார். அந்த டோக்கன்கள் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. ஆனால் சேகரிப்பாளர் பெருகியதும் உற்பத்தியாளர்கள் அவர்களுக்காகவே டோக்கன் அடிக்கத் தொடங்கினார்கள். ஒரு டோக்கனின் முன்புற அச்சையும் இன்னொன்றின் பின்புற அச்சையும் சேர்த்து, கடைவீதியைக் காணாத புதுப்புது வகைகளை உண்டாக்கினார்கள். லண்டனில் டோக்கன் விற்ற தீவிர அரசியல்வாதி தாமஸ் ஸ்பென்ஸ் இதில் பேர்பெற்றவர். ஆகவே பளபளப்புக் குலையாமல் இன்று உயர்ந்த தரம் பெறும் டோக்கன்களில் கணிசமானவை கூலியாகவோ சில்லறையாகவோ யார் கையிலும் புழங்காதவை. அங்கேகூட உயர்ந்த தரம் என்பது நல்ல வரலாற்றுச் சான்று என்று பொருள்படுவதில்லை.

தமிழகத்துக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. பர்மிங்காம் அருகே சோகோவில் மேத்யூ போல்ட்டன் நிறுவிய நீராவி நாணயச்சாலை பல டோக்கன்களை அடித்தது. அதே நாணயச்சாலைதான் 1803லும் 1808லும் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணத்துக்காக 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களையும் அடித்துக் கொடுத்தது. திருநெல்வேலிச் சீமை 1801இலேயே கம்பெனி ஆட்சிக்குள் வந்துவிட்டது. 1808 நாணயங்களை டன் கணக்கில் ஏற்றிச் சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கரையை விட்டு நகர்வதற்குள் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் அந்தச் சரக்கை வெளியே எடுத்தார்கள். தமிழ்நாட்டைக் கண்ணால் காணாத, ஒரு கத்தரிக்காய்கூட வாங்காத அந்த நாணயங்களில் கடலரிப்புக்குத் தப்பியவை இன்று புதுக்கருக்கு மாறாத தரத்தில் உலகச் சந்தையில் விற்கின்றன. அதே வகை நாணயம் நம் கடைவீதிகளில் கைமாறிக் கைமாறித் தேய்ந்திருந்தால் அதற்குக் கடைசிப் படி. அழகுப் பொருள் என்ற வகையில் இந்த வரிசை சரி. பணத்தின் வரலாற்றுக்குச் சான்று என்று பார்த்தால் தலைகீழ்.

திருநெல்வேலிக் காசுகளை ஆராய்ச்சிக்காகத் திரட்டியவர்களில் முன்னோடிகள் பெரும்பாலும் மிஷனரிகள், பிரிட்டிஷ் அதிகாரிகள். இடையன்குடியில் வாழ்ந்த மிஷனரி கால்டுவெல் கொற்கையையும் காயலையும் தோண்டிப் பார்த்து, 1881இல் திருநெல்வேலி வரலாற்றை வெளியிட்டார். கம்பெனி அதிகாரியாக இருந்த வால்டர் எலியட்டின் தென்னிந்திய நாணய நூல் 1886இல் வந்தது. திருமங்கலத்தில் இருந்த அமெரிக்க மிஷனரி டிரேசி பாண்டியர் காசுகளைப் பற்றி எழுதினார். வேலூரில் பணியாற்றிய டேனிஷ் மிஷனரி லோவெந்தால் 1888இல் திருநெல்வேலிக் காசுகளுக்கென்றே தனி நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு டஃப்னெல் என்ற படை அதிகாரி தென்னிந்தியச் சேகரிப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி நூல் தந்தார். இவற்றுள் லோவெந்தாலின் தலைப்பு கவனத்துக்குரியது. பாண்டியர், நாயக்கர் என்று அரச வம்சத்தை வைக்காமல் ஒரு மாவட்டத்தின் பெயரை வைத்தார். யார் அடித்தார்கள் என்பதை விட எங்கே கிடைத்தது என்பது சில வேளை உறுதியான செய்தி என்பதை அந்தத் தலைப்பு ஒப்புக்கொள்கிறது. பின்னால் வந்த தரமதிப்பீட்டு முறைகள் இதைக் கைவிட்டுவிட்டன. 1949இல் அமெரிக்கச் செப்பு சென்ட் நாணயங்களுக்காக வில்லியம் ஷெல்டன் வகுத்த 1 முதல் 70 வரையிலான எண்வரிசையே இன்று பிளாஸ்டிக் பேழைக்குள் காசை அடைத்துத் தரம் போடும் நிறுவனங்களின் அடிப்படை. அந்தப் பேழையில் எண்ணுக்கு எப்போதும் இடம் உண்டு, ஊருக்குப் பெரும்பாலும் இல்லை.

தேய்மானத்தை அளப்பதற்கு, காசு பிறந்தபோது எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். போல்ட்டனின் இயந்திரம் ஒரே அளவு வில்லையை ஒரே அழுத்தத்தில் அடித்தது. ஆயிரம் நாணயமும் ஒரே முகம். அங்கே வேறுபாடு எல்லாம் புழக்கத்தில் வந்தது என்று கொள்ளலாம். மீன் காசின் கதை வேறு. செப்பு வில்லையை அச்சின் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். அச்சு பெரும்பாலும் வில்லையை விடப் பெரியது. 'சோணாடு கொண்டான்', 'எல்லாந்தலையானான்' போன்ற பட்டப்பெயர்களில் ஒரு காசில் முதல் மூன்றெழுத்து விழும், இன்னொன்றில் கடைசி இரண்டு விழும், நடுவெழுத்து வில்லைக்கு வெளியே போய்விடும். பல காசுகளை அருகருகே வைத்துத்தான் முழுப்பெயரையும் படிக்க முடியும். எழுத்தே விழாத, ஆனால் சற்றும் தேயாத காசுக்கு உயர்ந்த எண்ணும், நன்கு தேய்ந்தும் அரிய எழுத்தைக் காட்டும் காசுக்குத் தாழ்ந்த எண்ணும் தரும் முறை, இந்தக் காசுகளைப் படிப்பவனுக்கு எந்த உதவியும் செய்வதில்லை.

இதற்கு வலுவான சான்று பெருவழுதிக் காசு. சங்ககால மூவேந்தர் எழுத்துப் பொறித்த காசு வெளியிட்டார்களா என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. 1980களின் நடுவில் நாணயவியல் அறிஞரும் தினமலர் ஆசிரியருமான இரா. கிருஷ்ணமூர்த்தி, குதிரை உருவமும் ஆமைகளும் உள்ள சிறு சதுரச் செப்புக்காசில் தமிழி எழுத்தில் 'பெருவழுதி' என்று இருப்பதைப் படித்துச் சொன்னார். 1997இல் வெளியான அவருடைய சங்ககாலக் காசு நூல் அந்த ஆய்வை விரித்தது. எண்வரிசைப்படி இத்தகைய காசுகள் கீழ்ப்படியில் நிற்பவை. எடைக்கு விற்று உருக்கப்பட்டிருந்தாலும் யாரும் வருந்தியிருக்க மாட்டார்கள். தேய்மானத்தை முதல் சல்லடையாக வைத்த ஒருவர் இவற்றைப் பார்க்காமலே கழித்திருப்பார்.

தேய்மானம் யார் பார்த்தாலும் ஒரே விடை தருவது, கிடைத்த இடமோ வியாபாரி சொல்வது மட்டுமே என்பார்கள் எண்வரிசையை ஆதரிப்பவர்கள். இந்த மறுப்பில் உண்மை உண்டு. விலை ஏறும் என்றால் எந்தக் காசும் கொற்கையில் கிடைத்ததாகிவிடும். இதைவிடக் கூர்மையான மறுப்பும் உண்டு. தாமிரபரணிப் படித்துறைகளில் நீராடுவோர் ஆற்றில் காசு போடுவது பழைய வழக்கம். 2018 மகா புஷ்கரத்திலும் அது நடந்தது. கோடையில் நீர் வற்றும்போது மணலைச் சலித்து எடுக்கும் காசு, எந்த ஊர்ப் பயணி எந்த நூற்றாண்டில் போட்டதோ? எனவே படித்துறைக் காசு உள்ளூர்ப் புழக்கத்துக்குச் சான்றாகாது. ஆனால் இது இடத்தைப் புறக்கணிக்கக் காரணமாவதில்லை. இடத்தை இன்னும் நுணுக்கமாக எழுதக் காரணமாகிறது. படித்துறை, வயல், பழைய குடியிருப்பு மேடு, வீட்டு உண்டியல் என்று பிரித்து எழுதினால் படித்துறைக் காசு யாத்திரையின் சான்றாகவும், மேட்டுக் காசு புழக்கத்தின் சான்றாகவும் நிற்கும். வியாபாரியின் வாய்ச்சொல்லை வாய்ச்சொல் என்றே குறிக்கலாம்; எழுதாமல் விட்டால்தான் பின்னால் சரிபார்க்க வழியே இல்லாமல் போகிறது. இடத்தைப் பதிவு செய்யச் சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

உலோகத்தின் நிலையை ஒதுக்கிவிடவும் முடியாது. செம்பின் மேல் படியும் பச்சை, பழுப்புக் களிம்பு எழுத்தின் விளிம்பைக் காக்கிறது. வீட்டுச் செம்புப் பாத்திரம்போல் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய காசில் களிம்போடு எழுத்தும் போகும். இந்த ஒரு செய்தியில் பிரிட்டிஷ் சேகரிப்பாளரின் எச்சரிக்கை இங்கும் முழுமையாகச் செல்லும்: துலக்கிய காசுக்கு மதிப்பில்லை. எடையையும் குறித்து வைக்க வேண்டும், ஏனெனில் முகம் முழுதும் தேய்ந்து எழுத்தே தெரியாத காசிலும் அது வகையை ஓரளவு காட்ட உதவும். ஆகத் திருநெல்வேலிக் காசுக்குத் தரம் எழுதும்போது எத்தனை எழுத்து, எந்த எழுத்து தெரிகிறது என்பது முதலிலும், எங்கே எந்தச் சூழலில் கிடைத்தது என்பது அடுத்தும், களிம்பும் எடையும் அதற்குப் பின்னும், தேய்மானம் கடைசியிலும் வர வேண்டும். கம்பெனியின் இயந்திரக் காசின் தேய்மானத்தை அளக்க மட்டும் பழைய எண்வரிசை அப்படியே போதும். அது அந்த இயந்திரத்துக்குப் பொருந்திய கணக்கு.