சர்தனாவில் ஒரு பேகம் எழுப்பிய தேவாலயம்

தில்லிவாழ் தமிழராகிய நாம் விடுமுறை வாய்த்தால் ஆக்ராவுக்கோ அரித்துவாரத்துக்கோ புறப்படுகிறோம். மீரட் வழியாகப் பன்முறை சென்றோருள்ளும் சர்தனாவுக்கு வண்டியைத் திருப்பியவர் மிகச் சிலரே. மீரட்டுக்கு வடமேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், கரும்பு வயல்களின் நடுவே அமைந்த சிற்றூர் அது. அங்குள்ள கத்தோலிக்கத் தேவாலயத்தை எழுப்பியவர் ஐரோப்பியப் பாதிரியாரும் அல்லர். ஆங்கில ஆளுநரும் அல்லர். இளமையில் தில்லியில் ஆடல்மகளாய் இருந்தவர் என்று சொல்லப்படும் பேகம் சம்ருவே அவர்.

வால்ட்டர் ரைன்ஹார்ட் என்னும் ஐரோப்பியக் கூலிப்படைத் தலைவரின் துணைவியாய் அவர் வாழ்வு தொடங்கிற்று. 1763-இல் பாட்னாவில் ஆங்கிலக் கைதிகளைக் கொன்று தீராப் பழி தேடிக்கொண்டவர் ரைன்ஹார்ட். 1778-இல் அவர் இறந்தபின் படையும் சர்தனா சாகீரும் பேகத்தின் கைக்கு வந்தன. 1781-இல் ஆக்ராவில் திருமுழுக்குப் பெற்று யோவன்னா ஆனார். 1788-இல் கோகுல்கட்டுப் போர்க்களத்தில் மொகலாயப் பேரரசர் ஷா ஆலத்தைக் காத்தார். பின்னர், காலத்தின் போக்கறிந்து ஆங்கிலேயருடன் உடன்பாடு செய்துகொண்டார். மதம் மாறிய பின்னரும் தலைப்பாகையையோ உக்காவையோ மொகலாய தர்பார் முறையையோ அவர் விட்டாரில்லை.

தேவாலயத்தின் கல்வெட்டு காட்டும் ஆண்டு 1822. வரைபடம் வகுத்தவர் பேகத்தின் படையிலிருந்த இத்தாலியர், அந்தோணியோ ரெகெல்லினி. செலவு நான்கு இலட்சம் ரூபாய் என்பர். அக்காலத்து நான்கு இலட்சம் எத்துணைப் பெருந்தொகை என்பதைச் சம்பள நாளை எண்ணி வாழும் நம்போன்றோர்க்கு விளக்க வேண்டுவதில்லை. முகப்புத் தாழ்வாரத்தை 18 தூண்கள் தாங்குகின்றன. நடுவே குவிமாடமும் வானளாவும் இரு கூர்கோபுரங்களும் உள்ளன. முகப்பு முற்றிலும் இத்தாலியப் பாங்கினது. உள்ளே சென்று பீடத்தை நோக்கினாலோ, வெண்பளிங்கில் வண்ணக் கற்களைப் பதித்த வேலைப்பாடு தாஜ்மகாலை நினைவூட்டும். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் மற்றோர் இத்தாலியராகிய வீரமாமுனிவர் நம் கோனான்குப்பத்தில் மரியன்னைக்குத் தமிழ்ப்பெண் கோலம் புனைந்து 'பெரியநாயகி' என்று பெயரிட்டாரன்றோ? அங்கே அயலவர் ஒருவர் நம் மரபை நாடி வந்தார். இங்கே இந்நாட்டுப் பெண் ஒருத்தி அயல் மரபைத் தன் ஊருக்கு வரவழைத்துக்கொண்டாள்.

இக்கோயில் பத்தியின் பயன் அன்று, அரசியல் ஆரவாரமே என்று கூறுவாரும் உளர். அவர்கள் சான்றாகச் சுட்டுவது உள்ளே நிற்கும் பளிங்குச் சிலைத் தொகுதியை. சுமார் 18 அடி உயரமுடைய அதன் உச்சியில், கையில் பேரரசரின் ஃபர்மானுடன் பேகம் வீற்றிருக்கிறார். இந்துவாகிய திவான், இசுலாமியராகிய குதிரைப்படைத் தலைவர், கத்தோலிக்க ஆயர் ஆகியோர் கீழே நிற்கின்றனர். ஆனால் அதனைச் செய்வித்தவர் பேகம் அல்லர். 1836-இல் அவர் மறைந்தபின், வளர்ப்பு மகனாகிய டைஸ் சோம்பர் உரோமைச் சிற்பி அதாமோ தாதோலினியைக் கொண்டு வடிக்கச் செய்தது அது. எனவே சிலையைக் கொண்டு அம்மையாரின் உள்ளத்தை அளத்தல் பொருந்தாது என்பது எம் கருத்து. அரசியல் நோக்கு அறவே இல்லை என்றும் நாம் வாதிடவில்லை. 1834-இல் பாப்பரசர் பதினாறாம் கிரகோரியார் சர்தனாவைத் தனி மறையாட்சிப் பகுதியாக்கியபோது, தன் சிற்றரசின் பெருமை உயர்வதை அவர் உணராதிருந்திரார்.

அவர் கண்மூடியதும் கம்பெனியார் சாகீரைத் தம் ஆட்சியுடன் சேர்த்துக்கொண்டனர். படை கலைந்தது. டைஸ் சோம்பர் இங்கிலாந்து சென்று, பித்தர் எனத் தீர்ப்பிடப்பட்டு, இழந்த சொத்துக்காக வழக்காடியே 1851-இல் மாண்டார். தனி மறையாட்சியும் முதல் ஆயரோடு முடிவுற்றது.

1961-இல் இருபத்துமூன்றாம் அருளப்பர் இதனை இளம் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தினார். நவம்பர் இரண்டாம் ஞாயிறன்று அருள் அன்னையின் திருவிழாவுக்குப் பல சமயத்தாரும் திரளுகின்றனர். கூட்டம் வேண்டாதோர் வேறு நாளில் சென்று, பேகத்தின் கல்லறைமேல் நிற்கும் அச்சிலைத் தொகுதியை நாற்புறமும் சுற்றிவந்து காண்க.