பின்தொடர்வோரும் வாடிக்கையாளரும்: சேலைச் சிறுவணிகத்தின் சமூக ஊடகச் செயல்முறை குறித்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

சேலத்தை அடுத்த இளம்பிள்ளை சேலை உற்பத்திக்குப் பெயர்பெற்ற ஊர். ஜவுளி வியாபாரிகள் மட்டுமே அறிந்திருந்த அவ்வூர்க் கடைகளை இன்று தூத்துக்குடியில் இருக்கும் இல்லத்தரசியும் அறிவார். 'தறி விலைக்கே கொடுக்கிறோம்', 'ஒரு சேலைன்னாலும் கொரியர் உண்டு' என்னும் காணொளிகள் யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் நாள்தோறும் வருகின்றன. இவ்வாறு ஓரிருவர் நடத்தும் சேலைக் கடைகளும், அவற்றிடம் வாங்கி வீட்டிலிருந்தே விற்கும் ரீசெல்லர் பெண்களுமே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். விளம்பரத்துக்கெனத் தனிப் பிரிவு வைத்திருக்கும் பெரிய ஜவுளி நிறுவனங்கள் இதில் சேரா. பொதுவெளியில் காணக் கிடைக்கும் காணொளிகள், அவற்றின் கீழ் வரும் கருத்துகள், தளங்கள் தாமே அறிவித்துள்ள விதிகள் ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

பின்தொடர்வோர் பெருகுவதும் வியாபாரம் பெருகுவதும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதும், முன்னதைப் பின்னதாக மாற்றுவது இருதரப்புக் கைபேசிகளிலும் பதிந்திருக்கும் தொலைபேசி எண்ணே என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

2. களம் உருவான விதம்

2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் இணையத் தரவின் விலை சரிந்தது. அதே ஆண்டில் யு.பி.ஐ. பணப் பரிமாற்றமும் வந்தது. 2018 ஜனவரியில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி வெளியானது. காணொளி பார்க்கவும், பேரம் பேசவும், பணம் அனுப்பவும் ஒரே கைபேசி போதும் என்றாயிற்று.

2020 ஊரடங்கில் கடைகள் மூடிக் கிடந்தபோது பல சிறுவணிகர் காணொளிக்கு வந்தனர். அவ்வாண்டு ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடைசெய்தது. டிக்டாக்கில் அரும்பாடுபட்டுச் சேர்த்த கூட்டம் ஒரே அறிவிப்பில் கைவிட்டுப் போயிற்று. அடுத்த மாதம் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இந்தியாவில் அறிமுகமாயின. காணொளி எடுக்கும் பழக்கம் அங்கே குடிபெயர்ந்தது. பழைய கூட்டம் அப்படியே உடன்வரவில்லை.

3. பின்தொடர்வோர் வகைப்பாடு

பின்தொடர்வோரை நால்வகைப்படுத்தலாம்: பார்த்துவிட்டுப் போவோர், விலை கேட்போர், வாங்குவோர், மீண்டும் வந்து வாங்குவோர். தளம் முகப்பில் காட்டும் எண்ணிக்கையில் இந்நால்வகையினரும் ஒன்றாகவே கணக்கிடப்படுகின்றனர்.

இவர்களுள் மிகவும் புறக்கணிக்கப்படுவோர் இரண்டாம் வகையினர். எந்தச் சேலைக் காணொளியின் கீழும் 'விலை?', 'பிரைஸ் ப்ளீஸ்' என்ற வரிகள் குவிந்திருக்கும். பதில் பெரும்பாலும், தனிச் செய்தி அனுப்பச் சொல்லும் 'டி.எம். பண்ணுங்க சிஸ்' என்பதே. பலவற்றுக்கு அதுவும் இல்லை. விலையை மறைப்பதற்குக் காரணம் உண்டு. ரீசெல்லர்கள் சேலைக்கு இவ்வளவு எனத் தம் லாபத்தைச் சேர்த்து விற்பவர்கள். கடையின் விலை வெளிப்பட்டால் அவர்கள் பிழைப்பு கெடும். அவர்கள் போய்விட்டால் கடைக்கும் சேதம். ஆயினும் இந்தச் சிக்கலுக்கு மௌனம் தீர்வாகாது. ரீசெல்லருக்குத் தனிக் குழு, அதில் மொத்த விலை; பொதுக் காணொளியில் சில்லறை விலை எனப் பிரித்துவைக்கும் கடைகள் இருதரப்பையும் தக்கவைத்துக்கொள்கின்றன. விலை கேட்பவர் கடைப்படி ஏறிவிட்டவர். அவரைக் காக்கவைத்துவிட்டு அடுத்த ரீல் எடுக்கப் போவது வியாபாரமே அன்று.

4. காணொளி பரவும் முறை

4.1 பகிர்வு

ஒரு ரீலை யாரிடம் கொண்டுசெல்வது என்பதை, பார்வையாளர் பார்க்கும் நேரம், விருப்பக்குறி, பிறருக்கு அனுப்பும் பகிர்வு ஆகிய மூன்றும் முதன்மையாகத் தீர்மானிக்கின்றன என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொஸ்ஸேரி 2025 ஜனவரியில் கூறினார். கணக்கைப் பின்தொடராதவர்களிடம் காணொளி சென்று சேர்வதில் பகிர்வுக்கே எடை அதிகம் என்பதும் அவர் தந்த விளக்கம்.

சேலைக்கு இது இயல்பாகவே சாதகமானது. சேலை தனியாக முடிவெடுத்து வாங்கும் பொருள் அன்று. 'இந்தக் கலர் எனக்கு எடுப்பா இருக்குமா?' என்று அக்காவிடமோ நாத்தனாரிடமோ கேட்காமல் பணம் அனுப்புவோர் குறைவு. ஆகவே, ஒரு காணொளியில் நாற்பது சேலைகளை அவசரமாகப் புரட்டிக் காட்டுவதைவிட, ஒரே சேலையை நிறுத்திக் காட்டும் காணொளியே பகிரத் தக்கது. இன்ன சேலை என்று சுட்டிக் கேட்க அதில்தான் முடியும்.

4.2 காட்டும் முறை

தேர்ந்த விற்பனையாளர் ஒருவர் காட்டுவதைக் கவனித்தால் கடையில் நேரில் வாங்குவோர் செய்யும் சோதனைகள் எல்லாம் அதில் இடம்பெற்றிருக்கும். முந்தானையை மேசைமேல் விரிக்கிறார். பார்டரின் அகலத்துக்கு விரல்களை வைத்துக் காட்டுகிறார். துணியைத் திருப்பி, 'பின்னாடி நூல் இழுக்காது சிஸ், வளையல்ல மாட்டாது' என்கிறார். பிளவுஸ் சேலையோடு சேர்ந்ததா, தனித் துண்டா என்பதைச் சொல்கிறார். பிறகு ரிங் லைட்டை விட்டு நகர்ந்து, சேலையைக் கடைவாசல் வெயிலுக்கு எடுத்துச் சென்று, 'நேர்ல இந்தக் கலர்தான் வரும்' என்கிறார். இந்தக் கடைசிச் செயல் சில நொடிகளே எடுக்கும்; 'வீடியோவில் பார்த்த நிறம் வேறு, வந்தது வேறு' என்ற பூசலைப் பெருமளவு தவிர்த்துவிடும். பின்னணித் திரைப்பாடலுக்கும் எழுத்து அலங்காரத்துக்கும் செலவிடும் உழைப்பை இதில் செலவிடுவோர் குறைவாக இருப்பது வியப்பே.

5. எண் சேமிப்பு

'பேரும் ஊரும் போட்டு ஒரு ஹாய் அனுப்புங்க சிஸ், நம்பர் சேவ் பண்ணிக்கறேன். நீங்களும் என் நம்பரை சேவ் பண்ணிக்குங்க' என்பது இவ்வணிகத்தில் அன்றாடம் கேட்கும் வாசகம். உபசார வார்த்தையாகத் தோன்றும் இது தொழில்நுட்பக் காரணம் உடையது. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பும் செய்தி, அனுப்புநர் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேருக்குமேல் சேர்க்க இயலாது. 24 மணி நேரம் நிற்கும் ஸ்டேட்டஸோ, இருவரும் ஒருவர் எண்ணை மற்றவர் சேமித்திருந்தால்தான் தெரியும். எனவே ஆயிரக்கணக்கானோர் பின்தொடரும் கடையின் புதுச் சரக்கு உறுதியாகச் சென்றடைவது இந்தச் சிறு வட்டத்தையே. மேற்கூறிய மூன்றாம், நான்காம் வகையினரும் பெரும்பாலும் இவ்வட்டத்துள்ளேயே இருக்கின்றனர்.

2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் சேனல் இந்த வரம்புகளை நீக்கியது உண்மை. ஆனால் சேனலைப் பின்தொடர்பவரின் எண் கடைக்காரருக்குத் தெரியாது. அது ஒருவழிப் பாதை. புதியவரை ஈர்க்க உதவும். ஏற்கெனவே உள்ள வாடிக்கையாளரை அங்கே கொண்டுபோய் விடுவது பின்னோக்கிய நகர்வு. கேளாமலே எண்களைக் குழுவில் இழுத்துப் போடும் வழக்கமும் தவறு. எரிச்சலுற்றவர்கள் புகார் அளித்தால் கணக்கே முடக்கப்படலாம்.

எண்களைச் செயலிகளுக்கு வெளியேயும் எழுதி வைக்க வேண்டும் என்பதற்கு ஒரு நிகழ்வு போதும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒருசேரச் செயலிழந்தன. இந்திய நேரம் இரவு 9 மணிக்குச் சற்றுப் பின் தொடங்கி ஏறத்தாழ ஆறு மணி நேரம் நீடித்தது. தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது. வேலை முடித்துப் பெண்கள் கைபேசியை எடுக்கும் வேளையும் அதுவே. மூன்றும் ஒரே நிறுவனத்தின் உடைமை என்பதால் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக அமையவில்லை. பெயர், ஊர், எண், வாங்கிய நிறம் என நான்கு பத்தி போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பவர் அப்போதும் அழைத்துப் பேச முடியும்.

6. நம்பிக்கை

முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்பும் வணிகம் இது. பிறர் காணொளியைத் திருடிப் போலிக் கணக்கு தொடங்குவோரும் களத்தில் உள்ளனர். ஆகவே கடைப் பெயர்ப்பலகை, தெரு, தறி, கொரியர் ரசீது ஆகியவற்றைக் காட்டுதல் விளம்பரத்தினும் மேலான பயன் தருகிறது.

'பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுக்கணும், இல்லன்னா டேமேஜ் ஏத்துக்க மாட்டோம்' என்ற நிபந்தனை இரு தரப்புக்கும் காப்பு. 'நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்' அத்தகையது அன்று. குறைபாடுள்ள பொருளையும் விவரித்ததற்கு மாறான பொருளையும் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்பதே 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின் நிலை.

பெயரிடலிலும் கவனம் தேவை. 'சாஃப்ட் சில்க்' என்ற பெயரில் தூய பட்டும் விற்கிறது, செயற்கை இழையும் விற்கிறது. பட்டுக்குச் சில்க் மார்க்கும் கைத்தறிக்குக் கைத்தறி முத்திரையும் இருக்கின்றன. அவை இல்லாத சேலையை அவை இல்லாததாகவே விற்பதில் இழுக்கில்லை. செயற்கை இழை என்று தெரிந்தே அதன் விலைக்காகவும் மினுமினுப்புக்காகவும் வாங்குவோர் ஏராளம்.

7. காலக் கணக்கு

எத்தனை மணிக்குப் பதிவிட வேண்டும் என்பது பற்றிப் பேசுவோர் பஞ்சாங்கத்தை மறந்துவிடுகின்றனர். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. முகூர்த்தச் சேலைகளை அப்போது காட்டினால், தை, ஆவணி மாதத் திருமண வீட்டார் எண்ணைக் குறித்துக்கொள்வர். தீபாவளிச் சேலைக்கு உண்மையான கெடு தீபாவளி நாள் அல்ல. பிளவுஸ் தைப்பவர் 'இனிமே துணி வாங்க மாட்டேன்' என்று சொல்லும் நாளே கெடு. அதன்பின் வரும் காணொளிகள் பார்க்கப்படும், வாங்குவோர் சிலரே.

8. செயற்கை வளர்ச்சி

விலைக்கு வாங்கும் பின்தொடர்வோர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் எந்நாளும் சேலை வாங்கப் போவதில்லை. 'மூணு பேரை டேக் பண்ணுங்க, ஒருத்தருக்கு இலவசச் சேலை' என்னும் போட்டிகள் இலவசத்துக்கு வருவோரைச் சேர்க்கின்றன. போட்டி முடிந்ததும் அக்கூட்டம் காணொளியைத் தள்ளிவிட்டுப் போகிறது. பார்க்கும் நேரம் குறைந்து அடுத்த காணொளியின் பரவலும் பாதிக்கப்படலாம். பிரபலங்களுக்குப் பணம் கொடுத்துப் பேசவைத்தால் அது விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என்பது இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் கொணர்ந்த நெறி. சிறு கடைகள் பலவும் அதைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

9. பரிந்துரை

மாவட்டத் தொழில் மையங்களும் மகளிர் குழுக்களும் சமூக ஊடகப் பயிற்சி நடத்தும்போது ரீல் எடுப்பதற்கு அரை நாள் ஒதுக்கினால், மீதி அரை நாளை மூன்று வேலைகளுக்கு ஒதுக்க வேண்டும்: விலை கேட்பவருக்கு அன்றே பதில் சொல்வது, வாங்கியவர் எண்ணை முறையாகப் பதிவது, குறை வந்த சேலையைத் திரும்பப் பெற்றுக் கணக்கை நேர்செய்வது. இவற்றைச் செய்ய ஆள் இல்லாத கடை, கூட்டம் சேர்ப்பதைச் சில மாதம் தள்ளிவைக்கலாம்.