வசனத்தின் முதன்மைச் சொற்கள்: பாரிஸில் தொடங்கிய தேடல்

செய்திகள் தந்தி மூலம் வந்துசேர்ந்த காலத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் பணம் செலுத்த வேண்டியிருந்தது. எனவே பொருள் தரும் சொற்களை மாத்திரம் வைத்துக்கொண்டு ஏனையவற்றை நீக்கிவிடுவது செய்தியாளர் வழக்கம். விடுபட்டவற்றை நிரப்பி வசனங்களாக்கும் பணி பத்திரிகைக் காரியாலயத்திற்குரியது. மனித மூளையும் வசனமொன்றை அமைக்கும்போது முதன்மைச் சொற்களையும் அவற்றைப் பிணைக்கும் இலக்கணக் கூறுகளையும் வெவ்வேறாகவே கையாளுகின்றது. பேச்சை இழந்த மனிதர்களே இவ்வுண்மைக்கு முதலில் வழிகாட்டினர்.

1861 ஏப்ரலில், பாரிஸ் அருகேயுள்ள பிசேத்ர் வைத்தியசாலையில், சத்திரசிகிச்சை நிபுணர் போல் புறோக்காவிடம் 51 வயது நோயாளி ஒருவர் கொண்டுவரப்பட்டார். அவர் பெயர் லெபோர்ன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே வாழ்ந்த அவர் எதைக் கேட்டாலும் 'தான் தான்' என்றே பதிலளிப்பார். ஆனால் பிறர் கூறுவதில் பெரும்பகுதியை விளங்கிக்கொண்டார். தாம் சொல்ல விரும்பியதைப் பிறர் விளங்கிக்கொள்ளாதபோது சினந்து வசைமொழி ஒன்றையும் உதிர்ப்பார். ஏப்ரல் 17ஆம் திகதி அவர் இறந்தார். அவரது மூளையைப் பரிசோதித்த புறோக்கா, இடப்பக்க முன்பகுதியில் சிதைவைக் கண்டார்.

அதே ஆண்டில் வந்த முதியவர் லெலோங்கிடம் ஐந்து சொற்களே எஞ்சியிருந்தன: ஆம், இல்லை, மூன்று, எப்போதும், சிதைந்த வடிவில் தம் பெயர். எந்த எண்ணைச் சொல்ல விரும்பினாலும் அவர் வாயில் வந்தது 'மூன்று' என்பதே. ஆனால் விரல்களை உயர்த்திச் சரியான எண்ணைக் காட்டிவிடுவார். சொல்ல வேண்டியது இன்னதென மனம் அறிந்திருந்தது; அதற்குரிய சொல்தான் அகப்படவில்லை.

1874இல் காள் வேர்ணிக்கே என்னும் 26 வயது ஜேர்மன் வைத்தியர் இதற்கு நேர்மாறான குறைபாட்டை விவரித்தார். இவ்வகை நோயாளிகள் தடங்கலின்றிப் பேசுவர். ஓசையும் வசன அமைப்பும் பெரிதும் இயல்பாகவே ஒலிக்கும். ஆனால் முதன்மைச் சொற்கள் பிறழ்ந்தோ வெறுமையாகவோ இருக்கும். பிறர் பேச்சை விளங்கிக்கொள்வதும் அவர்களுக்குக் கடினம். மறுபுறம், பெயர்களையும் வினைகளையும் வைத்துக்கொண்டு இலக்கண இணைப்புகளை இழந்தவர்களும் இருந்தனர். அடோல்ஃப் குஸ்மவுல் 1877இல் இந்நிலைக்கு 'இலக்கணமின்மை' எனப் பொருள்படும் பெயரிட்டார். பின்வந்தோர் இதனைத் தந்தி மொழிக்கு ஒப்பிட்டனர். ஒன்று கெட்டாலும் மற்றையது பெருமளவு எஞ்சியிருக்கக் கூடுமாயின், இரண்டும் ஒரே செயலாக இருத்தல் இயலாது.

நோயற்றவர்களின் பேச்சிலும் இதற்குச் சான்று உண்டு. வியன்னாவில் மொழியியலாளர் ருடோல்ஃப் மெரிங்கரும் வைத்தியர் காள் மாயரும் வாய்தவறிய பேச்சுகளைத் திரட்டி 1895இல் நூலாக்கினர். சிக்மண்ட் பிராய்ட் அத்தகைய தவறுகளில் மறைந்த ஆசைகளைத் தேடினார். ஆனால் 1971இல் விக்டோரியா புறொம்கினும் 1975இல் மெரில் காரெட்டும் அவற்றில் வசனம் உருவாகும் ஒழுங்கையே கண்டனர்.

அதனைத் தமிழிலேயே விளக்கலாம். 'அரிசியில் கல் கிடக்கிறது' எனச் சொல்ல வந்தவர், வாய்தவறிக் 'கல்லில் அரிசி கிடக்கிறது' என்கிறார் எனக் கொள்வோம். பெயர்கள் இடம்மாறின, 'இல்' என்னும் வேற்றுமை உருபு தன் இடத்திலேயே நின்றுவிட்டது. அதுமட்டுமன்று. 'அரிசி'க்குத் தேவைப்பட்ட யகர உடம்படுமெய் மறைந்து, 'கல்'லுக்குரியவாறு லகரம் இரட்டித்துள்ளது. அதாவது, புணர்ச்சி விதி சொல் இடம்மாறிய பின்னரே செயற்பட்டிருக்கிறது. காரெட் தம் ஆய்வில் எடுத்துக்காட்டியதும் இதே ஒழுங்குதான்: முதன்மைச் சொற்களின் தெரிவு ஒரு படி, இலக்கணக் கூறுகள் நிற்கும் சட்டகம் இன்னொரு படி, ஒலி வடிவம் அதற்கும் பிந்தியது. இவை யாவும் கணப்பொழுதில் நிகழ்ந்துவிடுவதால் பேசுபவர் எதனையும் உணர்வதில்லை.

பாதுகாக்கப்பட்டிருந்த லெபோர்ன், லெலோங் இருவரின் மூளைகளும் எம்.ஆர்.ஐ. கருவியால் ஆராயப்பட்டு 2007இல் முடிவுகள் வெளியாகின. புறோக்கா மேற்பரப்பில் கண்டதைவிட ஆழமாகவும் பரவலாகவும் சிதைவு இருந்தது தெரியவந்தது. பேச்சு ஒரே இடத்தில் குடியிருப்பதன்று. பல பகுதிகளின் கூட்டுச் செயல் என்பதே இன்றைய அறிவியல் நிலைப்பாடு.

பாரிசவாதத்தால் பேச்சிழந்தவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. 'தண்ணீர்... நேற்று... மகன்' என மூன்று சொற்களோடு நின்றுவிடும் ஒருவரை, அறிவு மங்கியவர் என ஒதுக்கிவிடுவது எளிது. அவர் மனத்தில் ஒரு முழு வசனம் இருக்கலாம். அவருக்கு அவகாசம் தந்து, 'ஆம்', 'இல்லை' எனப் பதிலளிக்கக்கூடிய வினாக்களைக் கேட்டு, கைகளையும் முகத்தையும் கவனித்தால் அவ்வசனத்தின் எஞ்சிய பகுதியும் பல வேளைகளில் கிடைத்துவிடும். புறோக்கா லெலோங்கின் விரல்களை எண்ணியதும் அதற்காகத்தான்.