வடிகட்டி இல்லாத பெட்டி

மதுரையில் வயதானவர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. டி.வி.எஸ். கம்பெனி பஸ் விடத் தொடங்கிய காலத்தில் சாலையில் மோட்டாரைவிட மாட்டு வண்டிகள்தாம் அதிகம். மாட்டின் குளம்பிலிருந்து கழன்று விழுந்த லாட ஆணி புழுதியில் நிமிர்ந்து கிடக்கும். பஸ்ஸின் டயர் அதன்மேல் ஏறும். பிறகென்ன, பிரயாணிகள் எல்லோரும் இறங்கிப் புளியமரத்து நிழலில் உட்கார்ந்து ஊர் வம்பு பேச வேண்டியதுதான். இதற்கு டி.வி. சுந்தரம் அய்யங்கார் ஒரு பரிகாரம் செய்தாராம். காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலையில் ஓட்டி ஆணிகளையெல்லாம் பொறுக்க வைத்தாராம்.

இந்தக் கதை எனக்கு மறந்தே போயிருந்தது. சமீபத்தில் ஒரு மோட்டார் சைக்கிளின் அடிவயிற்றிலிருந்து எண்ணெய் வடிக்கும் திருகாணியைக் கழற்றிக் காட்டினார்கள். அதன் முனையில் சின்னஞ்சிறு காந்தம் ஒன்று பதித்திருந்தது. காந்தத்தின்மேல் இரும்புத் துகள் இளைஞனின் அரும்பு மீசை மாதிரி படிந்திருந்தது. அதைப் பார்த்ததும் லாட ஆணிக் கதை திரும்பி வந்துவிட்டது. சாலையில் ஓடிய காந்தம் கடைசியில் வண்டிக்குள்ளேயே குடியேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கியர் பெட்டிக்கு வடிகட்டி வந்த கதையை எழுதலாம் என்று தோன்றியதும் அப்போதுதான். இது என்ன விஷயம், மெக்கானிக் அல்லவா படிக்க வேண்டும் என்று வாசகர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இதில் என் பெரியப்பாவின் கை எலும்பும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

கியர் பெட்டி என்பது பற்சக்கரங்கள் வாழும் வீடு. பல்லும் பல்லும் உரசும் இடத்தில் தேய்மானம் உண்டு. அந்தத் தேய்மானம் பொடியாக எண்ணெயில் கலக்கிறது. கலந்த பொடி மறுபடியும் பற்களுக்கு நடுவே போய், உப்புத்தாள் தேய்ப்பதுபோலத் தேய்க்கிறது. ஆகவே எண்ணெயை வடிகட்ட வேண்டும். இவ்வளவு எளிய விஷயம் ஆதிகாலத்து மோட்டார் சைக்கிள் செய்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. அந்த வண்டிகளில் என்ஜினுக்குப் போன எண்ணெய் திரும்பி வரவே வராது. ஓட்டுகிறவர் நடுநடுவே கைப்பம்பை அழுத்தி எண்ணெய் விடுவார். அது தன் வேலையை முடித்துவிட்டுப் புகையாகவோ சொட்டாகவோ வெளியே போய்விடும். போகிறதை எதற்கு வடிகட்டுவது? ஒரே எண்ணெய் சுற்றிச் சுற்றி வரத் தொடங்கிய பிறகுதான் அதில் சேரும் அழுக்கைப் பற்றிய கவலையும் வந்தது. அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லண்ட் என்பவர் 1923-ல் மோட்டாருக்கு எண்ணெய் வடிகட்டி செய்து பதிவு செய்துகொண்டார். ப்யூரோலேட்டர் என்பது அதன் பெயர்.

நம் ஊரில் வடிகட்டியின் அருமை மோட்டார்க்காரர்களுக்கு நன்றாக விளங்கியது எண்ணெயினால் அல்ல, கரியினால் என்பது என் அபிப்பிராயம். சுந்தரம் அய்யங்கார் 1911-ல் கம்பெனி தொடங்கி 1912-ல் பஸ் விட்டவர். இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போயிற்று. பஸ் ஓட வேண்டுமே? அப்போது அவர் கரியை எரித்து வாயு உண்டாக்கி அதில் மோட்டாரை ஓட்டும் சாதனம் ஒன்றைத் தயாரித்தார். டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்று அதற்குப் பெயர். பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பு. அதில் குறைந்த காற்றில் கனலும் கரியிலிருந்து எரிவாயு வரும். ஆனால் வாயு தனியாக வராது. சாம்பலும் தாரும் கூடவே வரும். அப்படியே உள்ளே விட்டால் சிலிண்டரில் அரவைதான் நடக்கும். அதனால் இத்தகைய அடுப்புகளில் எல்லாம் வாயுவைக் குளிரவைத்து வடிகட்டி அனுப்ப ஓர் ஏற்பாடு இருக்கும். அந்த வடிகட்டியைக் கொட்டிச் சுத்தம் செய்வதை ஒரு நாள் மறந்தால் மறுநாள் பஸ் மேட்டில் ஏறாது. சில நாள் மறந்தால் என்ஜின் போய்விடும். கரி அப்பிய கையோடு விடியற்காலையில் வடிகட்டியைத் தட்டிக்கொண்டிருந்த அந்தப் பையன்கள்தாம் நம் சீமையின் முதல் வடிகட்டி நிபுணர்கள். அவர்கள் பெயர் எந்தச் சரித்திரத்திலும் ஏறவில்லை.

யுத்தம் முடிந்தது. பெட்ரோல் வந்தது. புல்லட்டும் வந்தது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர். தையல் ஊசிக்குப் பேர் போனது. ராயல் என்பீல்டின் மூதாதையான கம்பெனியும் அங்கே ஊசி செய்துகொண்டிருந்ததுதான். அந்த ஊர்க் கம்பெனியும் சென்னையில் இருந்த மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-ல் கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியாவை ஏற்படுத்தின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் சீமையிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு பாகங்களையே இங்கே செய்தார்கள்.

அந்தப் பழைய புல்லட்டுக்கு மூன்று வயிறு. என்ஜினுக்கு ஓர் எண்ணெய். இடதுபுறம் கிளட்சும் சங்கிலியும் இருக்கும் பெட்டிக்கு ஓர் எண்ணெய். கியர் பெட்டிக்கு வேறொன்று. அதுவும் எண்ணெய் என்று சொல்ல முடியாது, கூழ் மாதிரி குழைந்த கிரீஸ். ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது, ஒரே வீட்டில் மூன்று சமையல் மாதிரி. இவற்றில் என்ஜினுக்கு மட்டும் கம்பளி அட்டையால் செய்த வடிகட்டி உண்டு. கியர் பெட்டிக்கு ஒன்றுமே கிடையாது. இதைக் குறை என்று சொல்லக் கூடாது. வடிகட்டியின் ஊடே எண்ணெயைத் தள்ளுவதற்குப் பம்பு வேண்டும். கியர் பெட்டியில் பம்பு இல்லை. சக்கரங்கள் சுழலும்போது வாரி இறைத்துக்கொள்வதுதான். வண்டி நிற்கும்போது பொடி அடியில் போய்ப் படியும். கிணற்றுத் தண்ணீர் தெளிவதுபோல. ஆனால் கிணற்றையும் வருஷம் ஒரு முறை தூர் வாரத்தானே வேண்டும்?

என் பெரியப்பா 1974-ல் புல்லட் வாங்கினார். வருஷந்தோறும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன்னால் அதன் மூன்று வயிற்றையும் காலி செய்துவிடுவார். கியர் பெட்டிக்கு மட்டும் தனி மரியாதை. கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடேற்றி, அடித் திருகாணியைக் கழற்றி, வடிவதை ஒரு பழைய எவர்சில்வர் தட்டில் பிடிப்பார். பெரியம்மா அந்தத் தட்டை அதற்குமேல் வீட்டுக்குள் சேர்க்கவில்லை. தட்டை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். விரலால் தொட்டுக் கட்டைவிரலோடு உரசுவார். பிறகு உடைந்த ரேடியோ ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தை அதில் விட்டுத் துழாவுவார். காந்தத்தில் ஒட்டுவது எஃகு, பற்களிலிருந்து வந்தது. ஒட்டாமல் பொன் மாதிரி மின்னுவது வெண்கலம். தண்டைத் தாங்கும் புஷ்ஷிலிருந்து வந்தது. எது எவ்வளவு என்று பார்த்தால் பெட்டியைத் திறக்காமலே உள்ளே நடப்பது தெரிந்துவிடும். நாடி பார்க்கிற மாதிரிதான்.

இந்த வித்தையை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் சிம்மக்கல் பக்கம் இருந்த ஒரு மெக்கானிக் பாய். பின்னால் நானும் அவரிடம்தான் போனேன். அவர் ஒரு தடவை என்னிடம் சொன்னார்: "பொடியா வந்தா தேய்மானம் தம்பி. அது இருக்கத்தான் செய்யும். செதிலா வந்தா அது சேதி."

பெரியப்பாவுக்கு அறுபத்தைந்து தாண்டியதும் வண்டி என் கைக்கு வந்தது. தட்டையும் கொடுத்தார். தட்டு பரணுக்குப் போயிற்று. என்ஜின் எண்ணெயை ஒழுங்காக மாற்றினேன்; அதன் வடிகட்டியையும் மாற்றினேன். கியர் பெட்டி சத்தம் போடவில்லை, ஆகவே அது சுகமாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன். அந்தப் பழைய பெட்டிகளுக்குக் கசிவு உடன்பிறந்த வியாதி. கிளட்சைத் தள்ளும் கம்பி வழியாகக்கூட எண்ணெய் வெளியேறும். நின்ற இடத்தில் ஒரு சொட்டு விழாத புல்லட் புல்லட்டே அல்ல என்று நாங்கள் வேடிக்கை பேசிச் சிரிப்போம். சொட்டுவது எந்த வயிற்றிலிருந்து என்று நான் குனிந்து பார்க்கவில்லை.

2012-ல் மேலூரில் ஒரு கல்யாணம். பெரியப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். ஒத்தக்கடை தாண்டி, யானைமலை இடதுபக்கம் பின்தங்கிக்கொண்டிருக்கிறது. கடக் என்று ஒரு சத்தம். பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. கிளட்சைப் பிடிக்கலாமே என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். பெட்டிக்குள்ளேயே இறுகிவிட்டால் கிளட்ச் என்ன செய்யும்? அது பெட்டிக்கு முந்தியது. சக்கரம் பெட்டிக்குப் பிந்தியது. வண்டி பாம்பு மாதிரி நெளிந்து எங்களைச் சாலையோரத்துச் செம்மண்ணில் தள்ளியது. எனக்குச் சிராய்ப்புதான். பெரியப்பாவுக்கு இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பின்னால் லாரி வரவில்லை. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது.

பாய் பெட்டியைப் பிரித்தபோது நான் கூடவே இருந்தேன். உள்ளே ஒரு கை அளவு கறுப்புக் கூழ்தான் மிச்சம். உடைந்த பல் ஒன்று இரண்டு சக்கரங்களுக்கு நடுவே ஆப்பு வைத்ததுபோல் இறங்கியிருந்தது. பாய் கூழை ஒரு காகிதத்தில் வழித்துப் போட்டார். வெண்கலம் மஞ்சள் தூள் மாதிரி கிடந்தது. செதில்கள் தனியாக மின்னின. "இது ஒரு நாள்ல வந்தது இல்லை" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கட்டுப் போட்ட கையோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த பெரியப்பா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏண்டா, தட்டிலே ஊத்திப் பாத்தியா?"

இனி ஜப்பானியர் சங்கதிக்கு வருகிறேன். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தபோது மதுரையைச் சுற்றிய கிராமங்களில் பால்காரரிலிருந்து கீரைக்காரர் வரை அதில் ஏறிவிட்டார்கள். அதில் எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து எரித்துவிடுவதுதான். வடிகட்டிப் பேச்சு எழவில்லை. ஆனால் 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வேறு ஜாதி. அதில் என்ஜினுக்கும் கிளட்சுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய். மூன்று அடுப்பு போய்க் கூட்டுக் குடும்பம் வந்துவிட்டது. பம்பு ஒன்று எல்லோருக்கும் எண்ணெய் பரிமாறியது. இதனால் ஒருவர் செய்த அழுக்கை மற்றவரும் குடிக்க நேர்ந்தது. கியர் உதிர்த்த பொடி என்ஜினின் தாங்கிகளுக்குப் போகலாம். கிளட்ச் தட்டின் துகள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். கியர் பெட்டிக்கு வடிகட்டி வந்தது இந்தக் கூட்டுக் குடும்பத்தினால்தான். தனக்காக அது கேட்டுப் பெறவில்லை; சேர்ந்து வாழ நேர்ந்ததால் கிடைத்தது. அந்த வண்டியில் காகித வடிகட்டிகூடக் கிடையாது. கம்பி வலை ஒன்று, கூடவே வேகமாகச் சுழலும் கிண்ணம் ஒன்று. சுழற்சியில் கனமான அழுக்கு கிண்ணத்தின் சுவரில் போய் அப்பிக்கொள்ளும். தயிர் கடையும்போது வெண்ணெய் திரள்கிற மாதிரி என்று சொல்லலாம். திரள்வது வெண்ணெய் அல்ல, கறுப்புச் சேறு.

புல்லட் இதற்கு வந்து சேர 2009-ஐ ஒட்டிய காலமாயிற்று. என்ஜினையும் கியர் பெட்டியையும் ஒரே கூட்டுக்குள் வைத்த புது யந்திரம் வந்தது. மடிப்பு மடிப்பாக விசிறி மாதிரி மடித்த காகித வடிகட்டியும், நான் முதலில் சொன்ன காந்தத் திருகாணியும் அதோடு வந்தன. இன்னும் முன்னேறியவர்களும் உண்டு. 2010-ல் ஹோண்டா கம்பெனி இரட்டைக் கிளட்ச் வைத்துத் தானே கியர் மாற்றிக்கொள்ளும் மோட்டார் சைக்கிள் ஒன்றைச் செய்தது. எண்ணெயின் அழுத்தமே அங்கே கிளட்சை இயக்குவதால் அதற்கென்று தனியாக ஒரு வடிகட்டி வைத்தார்கள். மேலூர் சாலையில் அதை நான் இன்னும் பார்க்கவில்லை.

காகித வடிகட்டியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அது அடைத்துக்கொண்டால் வண்டி நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. அடைப்பு ஏற்பட்டால் எண்ணெய் வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு போவதற்கு ஒரு சிறு கதவு வைத்திருப்பது வழக்கம். எண்ணெயே இல்லாமல் சாவதைவிட அழுக்கு எண்ணெயாவது கிடைக்கட்டும் என்ற கருணைதான். ஆனால் ஓட்டுகிறவருக்கு இது தெரிய வழியில்லை. வண்டி ஓடுகிறது, பொடியும் உள்ளே ஓடுகிறது. மாற்றும்போது ரப்பர் வளையம் பழையதையே போட்டால் அல்லது ஒன்று விட்டுப்போனால் நடப்பதும் இதுதான்: எண்ணெய் சந்து கண்ட இடத்தில் நுழையும், காகிதத்தைத் தொடாமலே போய்விடும். மலிவாக விற்கும் போலி வடிகட்டிகளில் பசை விட்டு மடிப்பு பிளந்துகொள்வதும் உண்டு. மதுரைப் புழுதிக்கு நடுவே இதைக் கழற்றி மாட்டும்போது சுற்றி இருக்கும் மண்ணை முதலில் துடைக்க வேண்டும். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். துடைக்காமல் மூடியைத் திறந்தால் வடிகட்டியை மாற்றுகிற சாக்கில் வைகைக் கரையையே உள்ளே கொட்டுகிறோம்.

நான் இப்போது ஓட்டுவது புது யந்திரம். போன வருஷம் ஸர்வீஸுக்கு விட்டபோது பழைய வடிகட்டியைக் கொடுங்கள் என்று கேட்டேன். அங்கே வேலை செய்த பையன் என்னை விநோதமாகப் பார்த்தான். "அது எதுக்கு சார்? குப்பையில போட்டாச்சே" என்றான். நல்லவன், தேடி எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான்.

பெரியப்பா வீட்டுத் திண்ணைக்கு அதைக் கொண்டுபோனேன். இரவு முழுவதும் எண்ணெய் வடிய விட்டு, காலையில் கத்திரிக்கோலால் இரண்டு ஓரத்தையும் வெட்டி, மடிப்புகளைப் பிரித்து நீட்டினேன். கை நீளத்துக்கும் மேலே வந்தது. பரணிலிருந்து இறங்கிய தட்டில் பரப்பி வெயிலில் வைத்தேன். பெரியப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியிருக்கிறது. தட்டைச் சாய்க்க அந்தக் கை ஒத்துழைக்கவில்லை. நான் சாய்த்துக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்துக்கொண்டே போனார். சாம்பல் நிறத்தில் மெல்லிய படிவு இருந்தது. மின்னுவதாக ஒன்றும் இல்லை.

"காந்தம் எங்கே?" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன்.